அறுநூற்றுப் பதினாறு திருகாணி

எங்கள் புது வீட்டில் மொத்தம் அறுநூற்றுப் பதினாறு திருகாணிகள் இருக்கின்றன. பெருமைக்காகச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் தயங்காமல் சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுத்துமூலம் உத்தரவு வந்திருக்கிறது.

என் பெயர் ஜாஸ்பர். சங்கரன்கோவிலில் இருபத்தெட்டு வருடமாக எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். திருகாணி என்பது சுருட்டி வைத்த சாய்தளம், அது ஓர் எளிய இயந்திரம் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அதில் எளிமை ஒன்றும் இல்லை என்பது இந்த ஏப்ரல் மாதம்தான் தெரிந்தது.

ராஜபாளையம் ரோட்டில் கையளவு மனையில் வீட்டைக் கட்டி, வெள்ளையும் அடித்தாயிற்று. மகள் ஜெபிதா கோயம்புத்தூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வர வேண்டும். டாக்டர் மே இருபது என்று நாள் சொல்லியிருந்தார். நாங்கள் இருந்த வாடகை வீடு மாடியில். படி என்று அதைச் சொல்வது மரியாதைக்காகத்தான், ஏணி. நிறைமாதக்காரியை அதில் ஏற்ற முடியாது. புது வீட்டுக்குப் போகலாமென்றால் அங்கே கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, தண்ணீர் வராது, விசிறி சுற்றாது. விசிறி இல்லாமல் எங்கள் ஊர் மே மாதத்தில் பிள்ளை பெற்றவளைப் படுக்க வைப்பதும் தோசைக்கல்லில் படுக்க வைப்பதும் ஒன்று.

கரண்டுக்கு விண்ணப்பித்தபோது எல்லாம் சரி, பிணைப்புச் சான்று மட்டும் இல்லை என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"பிணைப்புச் சான்றா? அது எங்கன குடுப்பாவ?" என்று என் மனைவி தங்கபாய் கேட்டாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கொடுத்தார்கள். கட்டடப் பிணைப்புச் சரிபார்ப்பு அலுவலகம் என்று அதற்குப் பெயர். பெயர்ப் பலகை சுவரில் இல்லை. தரையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். அதைப் படிக்க வேண்டுமானால் குனிந்தாக வேண்டும். உள்ளே போகிற ஒவ்வொருவரும் பலகையை வணங்கிவிட்டுப் போவதைப் போலத்தான் இருந்தது.

சரிபார்ப்பு அதிகாரி ராஜேஷ்குமார் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நன்றாகத் தேய்த்த சட்டை. நான் பெட்டியைப் பார்ப்பதைக் கண்டு அவரே விளக்கினார்.

"இதுக்குள்ளதான் சார் என் நாற்காலி இருக்கு. மாட்டறதுக்கு எட்டுத் திருகாணி வேணும். அந்த எட்டையும் சரிபார்க்கணும். சரிபார்க்க வேண்டிய அதிகாரி நான். என் நாற்காலியை நானே சரிபார்த்தா நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வாங்க? மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். ரெண்டு வருஷமாச்சு. அதுவரைக்கும் இந்த அலுவலகத்துல அனுமதியில்லாத ஒரு திருகாணியைக்கூட நீங்க பார்க்க முடியாது. ஏன்னா, நாங்க எதையும் மாட்டலை."

நான் வாங்கி வந்த டீயைக்கூட அவர் தொடவில்லை. அரசுப் பணியாளர் டீ வாங்கிக் குடிப்பது தவறு என்றார். கை நீட்டுகிறவர் என்றால் எங்கே முடியும் என்றாவது தெரியும். நேர்மையானவரிடம் மாட்டிக்கொண்டால் முடிவே கிடையாது.

பதினோரு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். வீட்டிலுள்ள திருகாணிகளை எல்லாம் எண்ண வேண்டும். தலையில் ஒரு கோடு இருந்தால் மைனஸ், குறுக்குக் கோடு இருந்தால் பிளஸ், நட்சத்திரப் பள்ளம் இருந்தால் ஸ்டார் என்று தனித்தனியாக எழுத வேண்டும். கடைசிப் பத்தியின் தலைப்பு: திருகிய சுற்றுகளின் எண்ணிக்கை.

பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டிய இரண்டு நாளை இதற்குக் கொடுத்தேன். நான் ஸ்டூலில் ஏறி எண்ணினேன், தங்கபாய் கீழே நின்று எழுதினாள். சுவிட்சுப் பெட்டி, கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, கழிப்பறைக் கண்ணாடி. நடுவே ஜெபிதா போன் செய்து, "அப்பா என்ன செய்யாவ?" என்று கேட்டாள். "ஸ்க்ரூ எண்ணுதாவ" என்றாள் தங்கபாய். "அப்பாவ டாக்டர்ட்ட காட்டுனியளாம்மா?" என்று கேட்டாள் மகள்.

மைனஸ் இருநூற்றுப் பன்னிரண்டு, பிளஸ் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று, ஸ்டார் பதினொன்று. ஆக அறுநூற்றுப் பதினான்கு. கடைசிப் பத்தியை மட்டும் காலியாக விட்டுவிட்டோம்.

நேரில் பார்வையிட வர வேண்டும் என்றார் ராஜேஷ்குமார். ஆனால் அலுவலக ஜீப் திருவேங்கடம் ரோட்டில் சைஃபுல்லாவின் மெக்கானிக் ஷெட்டில் எட்டு மாதமாக நின்றது. அதில் ஒரே ஒரு போல்ட்தான் குறை. புது போல்ட் வாங்கினால் அதைப் பொருத்திய இடத்திலேயே சரிபார்க்க வேண்டும். ஷெட் இருப்பதோ அடுத்த அதிகாரியின் எல்லையில். ஆகவே என் காரிலேயே கூட்டிப் போனேன்.

என் கார் பதினாறு வயதுக் கிழம். அதற்கு முந்தின வாரம்தான் சைஃபுல்லா அதைப் பிரித்து மாட்டியிருந்தான். வேலை முடிந்ததும் ஒரு சின்னக் கவரில் இரண்டு திருகாணியைப் போட்டுக் கையில் கொடுத்தான். "பிரிச்சு மாட்டுனா ரெண்டு மிஞ்சத்தான் செய்யும் சார். கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டிருப்பான்" என்றான். அன்றிலிருந்து காரின் முன்பக்கம் கடகடவென்று ஆடத் தொடங்கியது. கவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ராஜேஷ்குமார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவர் கண்ணில் பட்டது சுவரில் இருந்த வேத வசனப் பலகை. எங்கள் வீடுகளில் பிரதிஷ்டை ஜெபத்தின்போது பாஸ்டர் கையால்தான் அதை மாட்டுவது வழக்கம். தங்கபாய்க்குப் பொறுக்கவில்லை, முதலிலேயே மாட்டிவிட்டாள்.

"நாலு திருகாணி. இந்தப் பலகை வீட்டோட பொருளா, சபையோட பொருளா?"

"கர்த்தரோடது" என்றாள் தங்கபாய்.

அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'உரிமையாளர் பார்வையிடலின்போது ஆஜராகவில்லை' என்று இருந்தது.

பிறகு காலிப் பத்தியைக் காட்டி, சுற்றுகளின் எண்ணிக்கை எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மரவேலை செய்த மருதப்பனை மேலநீலிதநல்லூரிலிருந்து போன் போட்டு வரவழைத்தேன். நல்ல வேலைக்காரன். பொய் சொல்லத் தெரியாதவன். இந்த இரண்டாவது குணத்தை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒரு திருகாணிக்கு எத்தனை சுற்று திருகினீங்க?"

மருதப்பன் சிரித்தான். "எங்க சார் அம்புட்டையும் திருகிட்டு இருக்க? சுத்தியல வச்சு முக்காவாசி அடிச்சு எறக்கிருவோம். கடைசிக் காவாசிதான் திருகுதது. எல்லாரும் அப்படித்தான் செய்தாவ."

ராஜேஷ்குமாரின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

"அடிச்சீங்களா?"

"ஆமா சார். நாலு அடி."

"அடிச்சு இறக்குறது திருகாணி இல்லைங்க. ஆணி." வீட்டை அவர் சுற்றிப் பார்த்த பார்வையில் துக்கம் இருந்தது, பிணம் கிடக்கிற வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் முகம். "ஆணி என் அதிகாரத்துல வராது. தென்காசியில ஆணிப் பிரிவு தனியா இருக்கு. முக்கால் பங்கு அவங்களது, கால் பங்கு என்னுது. கூட்டுப் பார்வையிடல்தான் செய்யணும்."

அதோடு விடவில்லை. சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். இந்த இரண்டும் வீட்டு உரிமையாளர் வசம் இருந்தவை, எனவே வீட்டைச் சேர்ந்தவை. ஏழு நாளுக்குள் வீட்டில் பொருத்தியாக வேண்டும் என்றார்.

"ஐயா, அது காரோடது" என்றேன்.

"கார் இது இல்லாமலே ஓடுச்சே. நானே உட்கார்ந்து வந்தேனே."

மருதப்பன் ஒன்றை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தான். "சார், இது இரும்புக்குள்ள போறது. மரத்துல நிக்காது. உருவிட்டு வந்துரும்."

"நிக்கிறதும் நிக்காததும் உங்க பிரச்சினை. பொருத்தியிருக்கான்னு பாக்கறதுதான் எங்க வேலை."

போகும்போது வாசல் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார். சான்று வழங்கி முடியும்வரை இவ்வீட்டின் எந்தத் திருகாணியையும் கழற்றவோ இறுக்கவோ கூடாது. கவரில் உள்ள இரண்டையும் பொருத்துவதற்கு மட்டும் விலக்கு. மருதப்பன் வேண்டாவெறுப்பாக, ஸ்டோர் ரூம் கதவின் உட்பக்கக் கைப்பிடியில் இருந்த இரண்டு மரத் திருகாணியை மாற்றி அவற்றை மாட்டினான். கழற்றிய இரண்டையும் கணக்குக் குறையக்கூடாதே என்று நிலையில் இறக்கிவிட்டான். ஆக அறுநூற்றுப் பதினாறு.

நான் தென்காசிக்குப் போனேன். ஆணிப் பிரிவின் அதிகாரி கோகிலா மேடம் நடுத்தர வயது, நிதானமானவர். அவர் உண்மையான நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எனக்கு நம்பிக்கை தந்தது. நாற்காலி முழுவதும் ஆணி அடித்தது. புடவை அங்கங்கே கிழிந்திருந்தது.

"முக்கால் பங்கு எங்களுதுதான், மறுக்கலை" என்றார். "ஆனா சார், தலையைப் பாருங்க. எங்க ஆணிக்குத் தலையில கோடு கிடையாது. கோடு போட்ட தலையை நான் ஏத்துக்கிட்டா, நாளைக்குப் பட்டன் தையல் எல்லாம் என் பிரிவுன்னு அனுப்பிருவாங்க. பதினேழு வருஷ சர்வீஸ்ல ஒரு கோப்பைக்கூட நான் தப்பா முடிச்சதில்லை."

"எத்தனை முடிச்சிருக்கீங்க மேடம்?" என்று அப்பாவியாகக் கேட்டேன்.

"அதான் சொல்றேனே. தப்பா ஒண்ணுகூட முடிச்சதில்லை."

கூட்டுப் பார்வையிடலுக்கு மே பதினாலாம் தேதி என்று முடிவாயிற்று. ஜெபிதா பதினாறாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். நான் பயந்துவிட்டேன், ஒளிப்பானேன். இரவல் ஜெனரேட்டர், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் என்று கனவிலெல்லாம் யோசித்தேன். தங்கபாய் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தை மட்டும் தினமும் போய் நின்று படித்துக்கொண்டிருந்தாள். வேதபாடத் தேர்வுக்குப் படிக்கிறாளோ என்று நினைத்தேன்.

பதினாலாம் தேதி பகல் பன்னிரண்டரைக்கு இரண்டு அதிகாரிகளும் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஹாலில் கீலுக்குக் கீல் குனிந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் உங்களுடையது என்பார், அந்த அம்மா உங்களுடையது என்பார். பந்தியில் கடைசி வடையை விட்டுக்கொடுப்பது போல அவ்வளவு மரியாதை. ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது. மேலே கையகலத்தில் ஒரு துவாரம். கதவின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் மூடித்தான் பார்க்க வேண்டும் என்று ராஜேஷ்குமார் கதவைச் சாத்தினார். தாழ் 'டக்' என்று விழுந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு கோகிலா மேடம் திறப்பதற்குக் கைப்பிடியை இழுத்தார்.

கைப்பிடி கையோடு வந்துவிட்டது. காரின் இரண்டு திருகாணிகளும் உருண்டு ஓடின. வெளிப்பக்கக் கைப்பிடி, துணை போன துக்கத்தில் என் காலடியில் விழுந்தது. நடுவில் தாழ் மட்டும் கடமை தவறாமல் நின்றது.

"சார்! திறங்க!" என்றது உள்ளிருந்து குரல்.

மருதப்பன் வந்து பார்த்தான். "வெளித்தகட்டுல நாலு ஸ்க்ரூ இருக்கு. அத கழத்துனா நெம்பித் தொறந்திரலாம்" என்றபடி திருப்புளியை எடுத்தான்.

"கழத்தாதீங்க!" என்று உள்ளிருந்து கத்தியவர் ராஜேஷ்குமார்தான். "சான்று முடியறதுக்கு முன்னால ஒண்ணையும் கழற்றக்கூடாது! உத்தரவு இருக்கு!"

"உத்தரவு போட்டதே நீங்கதான சார்?"

"அதனாலதான் சொல்றேன். நானே மீறலாமா? கழற்று அனுமதின்னு ஒரு படிவம் இருக்கு. மூணு வேலை நாள்ல கிடைச்சிரும்."

"மூணு நாளா?" என்றார் கோகிலா மேடம். அந்தக் குரலில் பதினேழு வருட சர்வீஸ் உருகிக்கொண்டிருந்தது. "அடிச்சு உடைக்கச் சொல்லுங்க சார்!"

"அடிச்சா அது உங்க பிரிவு மேடம்."

"என் பிரிவுதான்! நான் அனுமதி தர்றேன்!"

"அப்ப கதவுல இருக்கறது எல்லாம் ஆணின்னு ஒத்துக்கறீங்களா?"

உள்ளே வியர்வை சொட்டுவது வெளியே கேட்டது என்று சொன்னால் மிகை; ஆனாலும் கேட்ட மாதிரித்தான் இருந்தது. மருதப்பன் ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் திருப்புளியுமாக நின்றான். "அடிக்கவா, திருகவா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க. பேச்சி அண்ணாச்சி வீட்டுல எனக்கு வேலை கெடக்கு."

அப்போதுதான் தங்கபாய் முன்னால் வந்தாள். கையில் சான்றுப் படிவம். கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, வாசல்ல நீங்க ஒட்டுன காயிதத்த நான் மனப்பாடமா சொல்லுவேன். சான்று வழங்கி முடியும்வரை கழத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு. அப்பம் சான்று முடிஞ்சிட்டுன்னா கழத்தலாம்லா?"

"கழற்றலாம்" என்றார் ராஜேஷ்குமார் உள்ளிருந்து.

"அடிக்கலாம்லா?"

"அதுவும் செய்யலாம்."

"நான் ஒண்ணும் மெரட்டல ஐயா. சட்டத்தச் சொல்லுதேன். என் மக நாளக்கழிச்சி வாரா." படிவத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். "பேனா இருக்கா, இல்ல அதையும் தள்ளவா?"

"சட்டப்படி சரிதான்" என்றார் ராஜேஷ்குமார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் குரலில் சந்தோஷம் இருந்தது. விதியிலிருந்து வெளியேறுகிற வழியை விதிக்குள்ளேயே கண்டுபிடித்துக் கொடுத்த முதல் ஆள் என் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். முத்திரையை எப்போதும் பையிலேயே வைத்திருப்பாராம். கோகிலா மேடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் சர்வீஸில் முடிந்த முதல் கோப்பு அது. காகிதம் நனைந்துபோய் கதவுக்கு அடியில் வெளியே வந்தது.

தங்கபாய் எழுத்து எழுத்தாகப் படித்தாள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எழுந்து, "அடி மருதப்பா" என்றாள்.

நாலே அடி. கதவு திறந்தது. ராஜேஷ்குமார் குளத்தில் விழுந்து எழுந்தவர் போல வெளியே வந்தார். கோகிலா மேடம் நேராகச் செம்புத் தண்ணீருக்குப் போனார். ராஜேஷ்குமார் மருதப்பனிடம் போனார்.

"எத்தனை அடி?"

"நாலு சார்."

நோட்டை எடுத்து 'நாலு' என்று குறித்துக்கொண்டார். பிறகு தங்கபாய் நீட்டிய டீயைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாங்கிக் குடித்துவிட்டார்.

பதினாறாம் தேதி காலை கரண்ட் வந்தது. சாயங்காலம் ஜெபிதா வந்தாள். பாஸ்டர் வந்து பிரதிஷ்டை செய்தார். ஏற்கெனவே மாட்டியிருந்த பலகையைத் தொட்டு ஜெபித்தார். காரின் இரண்டு திருகாணியை சைஃபுல்லாவிடம் திருப்பிக் கொடுத்தேன். "இத எங்கன இருந்து கழத்தினீய? இது இல்லாமலா ஓட்டுனீய?" என்று என்னையே திட்டிக்கொண்டு மாட்டினான். கடகட சத்தம் நின்றுவிட்டது. கைப்பிடிக்கு மருதப்பன் வேறு இரண்டு மரத் திருகாணி போட்டான். கணக்கு குறையவில்லை.

இருபத்திரண்டாம் தேதி பேத்தி பிறந்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றைக்கு மதியம் எல்லாரும் அசந்து தூங்குகிறபோது தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். சான்று பெற்ற வீடுகளின் உரிமையாளர்கள் திருகாணி எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், எதையாவது இறுக்கினாலோ தளர்த்தினாலோ சுற்றுகளின் எண்ணிக்கையை ஏழு நாளுக்குள் நேரில் வந்து தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. ராஜேஷ்குமாரின் கையெழுத்து. முன்பைவிட நேராக இருந்தது, நாற்காலியை மாட்ட அனுமதி வந்திருக்கும்.

படித்து முடிக்கவும், அறைக்குள் விசிறி 'டிக், டிக்' என்று தட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. மேலே மூடியில் ஒரு திருகாணி தளர்ந்துவிட்டது. பேத்தி முகத்தைச் சுளித்தாள். விசிறியை நிறுத்திவிட்டுத் திருப்புளியோடு ஸ்டூலில் ஏறினேன். இருபத்தெட்டு வருடம் எளிய இயந்திரம் நடத்திய கை திருகாணிவரை போய் அப்படியே நின்றது. கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

"எறங்குங்க" என்றாள் தங்கபாய்.

அவளே ஏறினாள். ஒரே அரைச் சுற்று. இறங்கி விசிறியைப் போட்டாள். சத்தமில்லாமல் சுற்றியது. பேத்தி ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனாள்.

அந்த அரைச் சுற்றை நாங்கள் எங்கேயும் எழுதவில்லை.